உதைத்த காலும் கும்பிட்ட கையும்

சிரம்பானில் காலை நேரத்துச் சந்தை பஸ்ஸில் ஒருவர் காலையும் இடிக்காமல் இருக்கையில் அமர்வது ஒரு வித்தை. அது எனக்கு இன்னும் கைவரவில்லை. வந்த புதிதில் ஒரு நாள், கீரைக் கூடையோடு நான் உட்காரப் போனபோது என் குதிக்கால் பக்கத்திலிருந்த சீனக் கனவானின் காலில் நன்றாக இடித்துவிட்டது. இலங்கையில், வன்னிப் பக்கத்து அக்கராயனில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குனிந்து அவருடைய காற்சட்டையைத் தொட்டு, அந்த விரல்களை என் கண்களில் ஒற்றிக்கொண்டேன். மனிதர் வெலவெலத்துப் போனார். ஒரு கையால் சட்டைப் பையையும் மறு கையால் மடியிலிருந்த தோல் பையையும் இறுக்கிப் பிடித்தவர், இறங்கும்வரை என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முன்பின் அறியாத ஒரு பெண் காற்சட்டையைத் தொட்டால் எவருக்கும் முதலில் பணப்பைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் கால் ஒருவர்மேல் பட்டால் அவரைத் தொட்டுக் கும்பிட வேண்டும். புத்தகத்தில் பட்டாலும் அப்படித்தான், நெல் மூட்டையில் பட்டாலும் அப்படித்தான். இது யோசித்துச் செய்வதல்ல. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதுபோல, கால் பட்டதும் கை போகும்.

எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றிப்போய் இருந்தது. பாயில் புரளும்போது தம்பியின் கால் என்மேல் பட்டால், அவன் தூக்கத்திலேயே என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு மறுபக்கம் புரண்டு படுப்பான். அவன் பள்ளிக்கூட உதைபந்தாட்டக் குழுவில் இருந்தான். ஒரு முறை மாங்குளத்துப் பள்ளிக்கூடத்தோடு போட்டி. நெல் ஏற்றும் லொறியில் ஊரே கிளம்பிப் போனோம். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் நடுவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலும் வாயுமாக ஓடிக்கொண்டிருந்தார். தம்பி பந்தைக் கொண்டுபோன வேகத்தைப் பார்த்தால் அது கோல் என்றுதான் எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த நேரம் பார்த்து அவன் கால் வாத்தியாரின் கணுக்காலில் பட்டது. பந்தை விட்டுவிட்டான். குனிந்தான், வாத்தியாரின் காலைத் தொட்டான், கண்ணில் ஒற்றினான். நிமிர்ந்து பார்த்தபோது பந்து எங்கள் கோலுக்குள் கிடந்தது.

திரும்பி வரும் வழியில் லொறியில் அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை. வீட்டில் ஐயாதான் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோல் போனாப் போகட்டும். பழக்கம் போகேல்லை." அன்றைக்கு விரால் மீன் பொரியலின் நடுத்துண்டு தம்பிக்குத்தான் போனது. எனக்கு அது இன்றும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் காலால் உதைக்கிற வித்தையைப் படிக்கப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் போனதற்குக் காரணம் இருந்தது. அக்கராயனில் என் கால்களுக்கு ஓய்வே கிடையாது. வாய்க்கால் வரப்பில் நடக்க, களை பிடுங்க, அருவி வெட்டும் அறுவடைக் காலத்தில் கதிர்க்கட்டுச் சுமக்க, விறகுக்குக் காட்டோரம் போக என்று நாள் முழுவதும் அவற்றுக்கு வேலை இருந்தது. கல்யாணம் முடித்து மலாயாவுக்கு வந்தேன். கணவர் இங்கே பிறந்தவர், ரயில் இலாகாவில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அரசாங்கக் குவாட்டர்ஸ் வீடு. சமைக்கிற குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். சந்தைக்கு பஸ். மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, கட்டிலிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து கதிரைக்கும் நடப்பதுதான் என் பயணம் என்றாகிவிட்டது. உடம்பு பெருத்தது, அதுகூடப் பரவாயில்லை, சட்டைத் தையலைப் பிரித்துவிடலாம். கோபமும் பெருத்தது. காரணமில்லாமல் மகளை ஏசினேன். கிணற்றில் தண்ணீர் அள்ள ஆசைப்பட்டு, குளியலறை வாளியை நிரப்புவதும் ஊற்றுவதுமாக ஒரு மத்தியானம் முழுவதும் நின்றிருக்கிறேன். வேலையில்லாத கால்கள் மனிதரைப் பைத்தியமாக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மண்டபம் உண்டு. வாரத்தில் இரண்டு பின்னேரம் அங்கிருந்து கூட்டமாகக் கத்தும் சத்தம் வரும். ஒரு நாள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கொரிய நாட்டிலிருந்து வந்த மாஸ்டர் ஒருவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், வெள்ளை உடுப்போடு நடுவில் நின்றார். சுற்றிவரச் சீனர், மலாய்க்காரர், இரண்டு பஞ்சாபிப் பையன்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கி, காற்றில் இல்லாத எதிரியின் நெஞ்சில் உதைத்தார்கள். டேக்குவாண்டோ என்று பெயராம். அவர்கள் கால் போன உயரத்தைப் பார்த்தபோது என் முழங்கால்களுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. பெண்களும் சேரலாமா என்று கேட்டேன். சேரலாம் என்றார் மாஸ்டர். மூன்றாம் மாத முடிவில் ஒரு பரீட்சை இருக்கிறது, அதற்குள் இந்த வித்தை உங்களுக்குப் பொருந்துமா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம், நானும் பார்த்துக்கொள்வேன் என்றார். அவருடைய மலாய் என்னுடையதைவிட மோசமாக இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டில்தான் முதல் சண்டை. கணவர் என் உதைப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. உடுப்பின் நிறத்தைப் பார்த்துத்தான் பதறினார்.

"இஞ்சேரும், நான் உயிரோட இருக்கேக்கை வெள்ளை உடுக்கப் போறீரோ?"

"இது சேலை இல்லையப்பா, காற்சட்டை. காற்சட்டைக்கு ஆர் சாத்திரம் எழுதினது?"

"சனம் சாத்திரத்தைப் பாத்தே கதைக்குது? நிறத்தைப் பாத்தெல்லோ கதைக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளை உடுத்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டுகிற கல்யாணமான பெண்ணைப் பார்த்தால் அடுத்த வீட்டு மாமி துக்கம் விசாரிக்கவே வந்துவிடுவா. ஆகவே வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டேன். தாலிக்கொடியைச் சட்டைக்குள் ஊசி குத்தி மறைத்துவிட்டு, அது உள்ளே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய ஒரு ஓரத்தை மட்டும் வெளியே விட்டேன். கணவர் படலைவரை கூடவே வந்தார். தான் உயிரோடு இருப்பதைத் தெருவுக்குக் காட்டத்தான் வந்தார் என்பது என் எண்ணம்.

முதல் சில வாரங்கள் கொண்டாட்டம். என் உடம்புக்கு இது ஆகாது என்று நான் பயந்த இடங்களிலெல்லாம் ஆயிற்று. வரப்பில் நடந்து பழகிய காலுக்கு ஒற்றைக்காலில் நிற்பது ஒரு வேலையா? பட்டணத்துப் பையன்கள் தள்ளாடி விழும்போது நான் கொக்குப்போல நின்றேன். உதைக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும், அதைக் கிஹாப் என்பார்கள். என்னோடு சேர்ந்த மற்றப் பெண்கள் கூச்சத்தில் முனகினார்கள். வயலில் இறங்கும் கிளிக்கூட்டத்தைக் குளக்கட்டில் நின்றே கலைத்தவள் நான். ஒரு சத்தம் போட்டேன். மண்டபத்துக் கூரையிலிருந்த புறாக்கள் வெளியேறின. மாஸ்டர் முதன்முறையாகச் சிரித்தார். அது மட்டுமல்ல, மண்டபத்துக்குள் நுழையும்போது குனிந்து வணங்க வேண்டும், தொடங்கும்போது வணங்க வேண்டும், முடிந்ததும் வணங்க வேண்டும். அட, இது நம்மவர் வித்தைதான்போல என்று நினைத்தேன். குவாட்டர்ஸில் நான் கிராணியின் மனைவி. உறவுக்காரர் வீடுகளில் ஊரிலிருந்து கொண்டுவந்த பெண். இந்த மண்டபத்தில்தான் எல்லோரும் என்னைப் பரமேஸ்வரி என்று, பாதியை விழுங்கியாவது, கூப்பிட்டார்கள். அதனால் அந்த இடம் எனக்கு வேண்டும் என்று மனம் அடம் பிடித்தது.

சோடிப் பயிற்சி தொடங்கியதும் வினை வந்தது. ஒருவர் குத்த வர, மற்றவர் அதைத் தடுத்துத் திருப்பி உதைக்க வேண்டும். கால் மெல்லப் பட்டால் போதும். எனக்குச் சோடியாக வந்தவள் சியூ லான் என்ற கண்ணாடி போட்ட சீனப் பெண், படம் எடுக்கும் கடையில் வேலை செய்பவள். என் முதல் உதை அழகாக அவள் விலாவில் பட்டது. பட்டதுதான் தாமதம், நான் குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சியூ லானின் அடுத்த உதை என் காதில் விழுந்தது. அவள்மேல் பிழை இல்லை. நெஞ்சுக்கு வந்த உதை அது, நான்தான் குனிந்து காதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே. குனியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உதைப்பேன். கால் பட்ட மறுகணம் கை புறப்பட்டுவிடும். சியூ லான் என்னை உதைத்தால் பேசாமல் நிற்பேன்; நான் உதைத்தால் குனிவேன். வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கொடுப்பதில்தான் கோளாறு. மாஸ்டர் இதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டார். உதைத்தவுடன் நான் தரையை நோக்கிக் குனிந்து பிறகு கண்ணைத் தடவுவதைப் பார்த்து, தரைத் தூசி என் கண்ணில் விழுகிறது என்று முடிவு செய்துவிட்டார். மண்டபத்தை இரண்டு முறை கூட்டச் செய்தார். ஒரு நாள் கண்ணுக்கு விடுகிற மருந்துச் சீசாவோடு வந்து, என் தலையை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். அதற்கு மேலும் பேசாமல் இருப்பது பாவம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். எங்கள் நாட்டில் காலால் தொடுவது அவமரியாதை, அதனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

மாஸ்டர் மருந்துச் சீசாவை மூடினார். மன்னிப்பைச் சண்டை முடிந்த பிறகு கேட்கலாமே என்றார். அதுவரைக்கும் கை பொறுக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இது காலால் செய்கிற வித்தை, பரீட்சையில் நடுவில் நிறுத்தினால் தேற முடியாது, அதைவிட, உங்களைவிடப் பலசாலி ஒருவர்முன் ஒரு நாள் நீங்கள் குனிந்தால் தாடை உடையும் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார். எல்லா நல்ல வித்தையும் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்றில்லை, பொருந்தாததை விடுவதில் வெட்கம் இல்லை, பரீட்சைக்கு முன் யோசித்துச் சொல்லுங்கள்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. புளி போட மறந்த குழம்பைக் கணவர் பேசாமல் சாப்பிட்டார். ஏசுவதற்குக்கூட என்னிடம் தென்பு இல்லை என்று கண்டதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"உமக்கு ஏலாட்டி விடும். கேக் செய்யப் பழக்கிற வகுப்பு ஒண்டு நடக்குதாம்" என்றார்.

"கேக்கை உதைக்கலாமோ?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. மண்டபத்தை விட்டால் மறுபடி வாளியும் குழாயும்தான். பழக்கத்தை விட்டால், விரால் மீனின் நடுத்துண்டைத் தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்த ஐயாவின் முகத்தை எப்படி நினைப்பது?

ஐயாவை நினைத்ததால்தான் அந்த மற்ற ஞாபகமும் வந்தது. நாங்கள் அக்கராயனில் பிறந்தவர்கள் அல்ல. யாழ்ப்பாணப் பக்கத்தில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பம். வன்னியில் காடு வெட்டிக் காணி கொடுத்தபோது வந்து குடியேறினோம். யாழ்ப்பாணத்து உறவுக்காரர் எங்களைக் காட்டுச்சனம் என்று பகிடி பண்ணினார்கள். அக்கராயனின் பழைய ஆட்களோ எங்களை யாழ்ப்பாணத்தார் என்றார்கள். மாரி மழையோடு விதைக்கிற காலபோகம், எங்களுக்கு அதுதான் முதல். எங்களுக்கென்று கிடைத்த வயலில் குளத்துத் தண்ணீர் வந்து நின்றது. ஐயா வரப்பில் நின்று, குனிந்து சேற்றைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றினார். முகத்தில் சேறு ஒட்டியபடி வயலுக்குள் இறங்கினார். நானும் தொட்டு ஒற்றிவிட்டு இறங்கினேன். இரண்டு அடி வைத்ததும் எனக்கு ஒரு பெரிய சந்தேகம்.

"ஐயா, ஒவ்வொரு அடிக்கும் கும்பிட வேண்டாமோ? மிதிச்சுக்கொண்டெல்லோ போறம்."

ஐயா விதைப்பெட்டியை இடுப்பில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். "ஒருக்காக் கேட்டாச்செல்லோ. நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டா எப்ப பிள்ளை விதைக்கிறது?"

அன்றைக்கு நாங்கள் அந்த வயலைச் சாயங்காலம்வரை மிதித்தோம். ஒருவரும் குனியவில்லை. முதலிலேயே கேட்ட ஒரு மன்னிப்பு அந்தப் போகம் முழுவதற்கும் போதுமாக இருந்தது, நெல்லும் நன்றாகத்தான் விளைந்தது. சிரம்பானில் கட்டிலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு உதைக்கத் தெரியாததல்ல பிரச்சினை, மன்னிப்பைப் பிந்திக் கேட்டதுதான் பிரச்சினை.

பரீட்சை நாளில் கணவரும் வந்து சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார். என் முறை வந்தது. மாஸ்டர் தொடங்கச் சொல்ல வாயெடுக்கும்போது கையைக் காட்டி நிறுத்தினேன். சியூ லானிடம் போனேன். முழங்காலிட்டு அவளுடைய காலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். மாஆஃப், இனிமேல் படப்போகிற எல்லா உதைக்கும் சேர்த்து என்றேன். மாஆஃப் என்றால் மலாயில் மன்னிப்பு. சியூ லான் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானும் குனிந்து என் காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொஞ்சம் பலமாகவே ஒற்றினாள். அவளுடைய கண்ணாடி நழுவியது. மாஸ்டர் நாங்கள் இருவரும் நிமிரும்வரை காத்திருந்துவிட்டு, "சிஜாக்" என்றார். தொடங்கு என்று அர்த்தம்.

முதல் உதை பட்டபோது என் கை துடித்தது. கேட்டாச்செல்லோ என்று அதனிடம் சொன்னேன். இரண்டாவது உதைக்கும் அது கொஞ்சம் அசைந்தது. அதன் பிறகு இடுப்போரம் ஒழுங்காக நின்றது. என் கால்கள் அன்றைக்குக் காலபோகத்து வயலில் இறங்கின கால்கள். கத்தினேன், உதைத்தேன், வாங்கினேன், திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷத்தை இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் அனுபவித்ததில்லை. முடிந்ததும் மாஸ்டர் என் இடுப்பிலிருந்த வெள்ளைப் பட்டியை அவிழ்த்துவிட்டு மஞ்சள் பட்டியைத் தந்தார். சுவரோரத்தில் என் கணவர் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

"மஞ்சள் கயிறு!" என்றார் என்னிடம், ஏதோ தானே கட்டிவிட்டவர்போல. "இப்பத்தான் பாக்கச் சுமங்கலி மாதிரி இருக்கிறீர்."

இந்த வித்தை எனக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அத்தோடு பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கணவர் அலுவலகத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்று போய்விட, சியூ லானும் நானும் கடைத்தெருவுக்கு பஸ் ஏறினோம். மஞ்சள் பட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சன்னலோர இடத்தைக் கொடுப்பதற்காக எழுந்து மாறினேன். அப்போது என் கால் எதிர்ப்பக்கத்துக் கிழவர் ஒருவரின் காலில் இடித்தது. நன்றாகவே இடித்தது. அவர் ஸ் என்றார்.

என் கை அசையவில்லை.

மஞ்சள் பட்டியின்மேல் இருந்தபடியே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறொருவரின் கையைப் பார்ப்பதுபோல. கோல் போட்டாயிற்று, பழக்கம் போயிற்றா ஐயா என்று மனதுக்குள் கேட்டேன். அதற்குள் எனக்குக் குறுக்கே ஒரு கை நீண்டது. சியூ லான் பாதி எழுந்து, குனிந்து, அந்தக் கிழவரின் காற்சட்டையைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் மறந்துவிட்டதை எனக்காகச் செய்து வைத்தவள்போல இருந்தது அந்தப் பார்வை.

இடித்தது என் கால். கும்பிட்டது அவள் கை. கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் பணப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.